அப்பாவும் பார்க்க ஒரு சரிவு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் குல்மார்க் கட்சி, என் அப்பா ஔலி கட்சி. யாருக்காகப் பயணம் கிளம்புகிறோமோ அவள், என் மகள், எந்தக் கட்சியிலும் இல்லை. பனி இருக்க வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆசையைக் கிளப்பியது ஒரு செய்தி. 2018 ஜனவரியில் மணாலிக்காரரான ஆஞ்சல் தாக்கூர், துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலம் வாங்கினார். சர்வதேச ஸ்கீ போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஆறாம் வகுப்பில் இருந்த மகள் அதைப் படித்துவிட்டு, "நம்ம நாட்டுலயே ஸ்கீ கத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாள். கும்பகோணத்தில் பிறந்து சென்னையில் குடித்தனம் நடத்துகிற எனக்கு என்ன தெரியும்? "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரிக்க விசாரிக்க எனக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. மணாலிக்குப் பக்கத்துச் சோலங், பகலில் வந்து விளையாடிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கான இடம் என்று பலரும் சொன்னதால் அதை முதலிலேயே விட்டோம். மிஞ்சியவை காஷ்மீரின் குல்மார்க்கும் உத்தராகண்டின் ஔலியும். 2019 குடியரசு தினத்தோடு லீவு சேர்த்துக் கிளம்புவது என்று முடிவாயிற்று. எங்கே என்பதுதான் முடிவாகவில்லை.

என் கணவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றைக்கூடத் தள்ள முடியாது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அகன்ற புல்வெளி. வெள்ளைக்கார அதிகாரிகள் 1927இலேயே அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி அங்கே இருக்கிறது. பனிச்சறுக்கும் மலையேற்றமும் சொல்லித் தரும் மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே கண்டோலா என்ற ரோப்வே. 1998இல் ஓடத் தொடங்கிய முதல் கட்டம் கோங்தூரி வரை போகிறது. 2005இல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே, யாரும் கால் வைக்காத புதுப் பனியில் சறுக்குவதற்கென்றே ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போக்குவரத்தும் சுலபம். சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம். அங்கிருந்து 50 கிலோமீட்டர் கார். டங்மார்க்கில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு கடைசி 13 கிலோமீட்டர் ஏறினால் குல்மார்க்.

பனி விஷயத்திலும் அவர் பக்கம்தான் பலம். நமக்கு மழை வங்கக்கடலிலிருந்து வருகிறது. இமயத்தின் குளிர்காலப் பனியோ மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் கொடை. வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. குல்மார்க் இருப்பது அந்த மலைத்தொடரில்தான். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். கடுங்குளிரும் கனத்த பனியும் அப்போதுதான். அதே காற்று கிழக்கே நகர்ந்து கட்வால் மலைகளுக்குப் போய்ச் சேரும்போது பல தடவை வலுவிழந்திருக்கும். அதற்குச் சாட்சியும் இருந்தது. 2018 ஜனவரியில் ஔலியில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டி பனி போதாமல் ரத்தானது. "பனியே இல்லாத ஊருக்கு அவ்வளவு தூரம் போய் என்ன பண்றது மாமா?" என்று கணவர் கேட்டார்.

அப்பாவிடம் பதில் இருந்தது. "பனி இல்லேன்னா பெருமாள் இருக்கார் மாப்பிள்ளை."

ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் பூமியில் சேவிக்கக் கிடைப்பவை 106. அப்பா தமிழ்நாட்டிலும் மலைநாட்டிலும் உள்ளவற்றை அம்மா இருந்தபோதே அவளோடு சேவித்து முடித்துவிட்டார். வடநாட்டுத் தலங்கள் சில பாக்கி. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி, ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட்தான் என்பது வைணவர்களின் நம்பிக்கை. போகிற வழியில் தேவப்பிரயாகை. அது பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும். அந்த மாதங்களில் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலில் வழிபாடு தொடரும். எழுபது தாண்டிய, முட்டிவலிக்காரரான அப்பா, பேத்தியின் ஆசையில் தன் ஆசைக்கும் ஒரு வழி திறப்பதைக் கண்டுகொண்டார். அது நியாயமான ஆசை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஔலிக்கு அதற்கென்றே உள்ள பெருமைகளும் குறைவில்லை. 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டருக்குச் சற்று மேல் வரை விரியும் சரிவு. சுற்றிலும் கருவாலியும் தேவதாருவும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. ஜோஷிமட்டிலிருந்து மேலே போக ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள ரோப்வே அப்போது ஓடிக்கொண்டிருந்தது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது செயற்கைப் பனி செய்யும் கருவிகள் வந்தன. அதற்குத் தண்ணீர் தர மலைமேல் ஒரு ஏரியே வெட்டினார்கள். நீரை நுண்திவலைகளாகக் குளிர்காற்றில் பீய்ச்சினால் தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிடும். ஆனால் காற்று உறைநிலைக்குக் கீழே, ஈரம் குறைவாக இருக்க வேண்டும். குளிரே இல்லாத வருஷத்தில் எந்தக் கருவியாலும் பனி செய்ய முடியாது.

இரண்டு பக்கமும் சமமாக நின்ற நேரத்தில், வேலூரில் இருக்கும் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் செய்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு இடத்திலும் சறுக்கியவர். குல்மார்க் கண்டோலா, ஔலிப் பனி, விமானம், கார் என்று நான் சேகரித்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யார் யாரும்மா போறீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்போ ஔலிக்குப் போங்க. குல்மார்க்கோட பெருமை மேல இருக்கு. அங்க நல்லா சறுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வேலை. சரிவைச் சீர்பண்ணி வச்சிருக்க மாட்டாங்க, பனிச்சரிவு ஆபத்து உண்டு. கூட வழிகாட்டி வேணும், புதைஞ்சா கண்டுபிடிக்கிற கருவி வேணும். புதுசாக் கத்துக்கறவங்களுக்குக் கீழ புல்வெளியில நல்ல இடம் இருக்குதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க வீட்டுக்காரர் மேல போவார், பாப்பா கீழ ஒரு பக்கம், பெரியவர் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல. நாலு பேரும் நாலு இடம். ஔலியில சறுக்குற இடம் ஒண்ணுதான். அதோட ஓரமா உக்காந்தா மேலேருந்து கீழ வரைக்கும் தெரியும்."

இந்தக் கோணத்தில் நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. எந்த மலை உயரம், எங்கே பனி ஆழம், எது உலகப் புகழ் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். கற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு 3,950 மீட்டர் உயரத்தால் ஒரு பயனும் இல்லை. அவளுக்குத் தேவை, கீழே போய்த் தானாகத் தணியும் ஒரு சரிவு, திரும்பத் திரும்ப அதில் இறங்க நேரம், பக்கத்தில் ஒரு வாத்தியார். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே ஏழு நாள், பதினான்கு நாள் என்று வகுப்புகள் நடத்துவதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது சிறிது நேரம் யோசித்தார். "சரி, அவ முதல்ல நிக்கக் கத்துக்கட்டும். குல்மார்க் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். ஒரு கட்சி மனப்பூர்வமாக இன்னொரு கட்சியில் சேர்ந்தது.

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் 250 கிலோமீட்டர். கணக்கில் சின்ன தூரம், மலைப் பாதையில் ஒரு முழுப் பகல். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் கலக்குமிடத்தில் அப்பா இறங்கிப் பெருமாளைச் சேவித்தார். பிறகு ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாகக் கடந்து இருட்டும் நேரத்தில் ஊர் சேர்ந்தோம். மறுநாள் காலை நரசிம்மர் கோயில். யோகத்தில் அமர்ந்த சின்னத் திருமேனி. அதன் ஒரு மணிக்கட்டு வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டு வருவதாகவும், அது உடைகிற நாளில் மலைகள் இரண்டு சேர்ந்து பத்ரிக்குப் போகும் வழியை அடைத்துவிடும் என்றும் ஊரில் ஒரு நம்பிக்கை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மாவின் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் நல்ல பனி. நாங்கள் ரோப்வேயில் ஏறிப்போனபோது கீழே காடு முழுக்க வெள்ளை. மேலே இறங்கினால் எதிரில் நந்தாதேவி, 7,816 மீட்டர். சுற்றியிருந்த மலைகளின் பெயரையெல்லாம் அப்பா டீக்கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மகளுக்கு வாத்தியாராக வந்தவர் ஜோஷிமட்டுக்குப் பக்கத்துக் கிராமத்து இளைஞர். குளிர்காலத்தில் ஸ்கீ சொல்லித் தருவார், கோடையில் மலையேற்றக்காரர்களுக்கு வழிகாட்டிப் போவார். முதல் பாடம் பூட்ஸ். ஸ்கீ பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை அசையவிடாது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு வந்தவளை ஒரு ஜோடியைக் கழற்றச் சொன்னார். துணி சுருங்கி மடிந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும் என்று விளக்கினார். குதிகாலைத் தரையில் தட்டி உள்ளே உட்கார வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு எழுந்து முட்டியை மடக்கச் சொன்னார். கணைக்கால் பூட்ஸின் முன்பக்கத்தில் நன்றாக அழுந்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த அழுத்தத்தை எப்போதும் விடக்கூடாது, பயத்தில் பின்னால் சாய்ந்தால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காமல் ஓடிவிடும் என்றார்.

லிஃப்டுக்கெல்லாம் அப்புறம்தான் அனுமதி. முதலில் மலையை நடந்து ஏற வேண்டும். ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, அதன் விளிம்பைப் பனியில் பதித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். பாசி பிடித்த குளப்படியில் நாங்கள் சின்ன வயதில் கால் வைத்த மாதிரியே இருந்தது. பத்தடி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஏறிய பத்தடியை இறங்க ஒரு நொடி. விழுந்தாள். எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்கீ இரண்டையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே திருப்பி, அதன் மேல் பாரத்தைப் போட்டு எழ வேண்டும். இல்லையென்றால் எழும்போதே மறுபடி வழுக்கும்.

அடுத்து வேகத்தை அடக்கும் வித்தை. ஸ்கீயின் முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று, உள்விளிம்புகள் இரண்டும் பனியைச் சுரண்ட வேண்டும். எவ்வளவு அகட்டுகிறோமோ அவ்வளவு மெதுவாகும். காலையில் பனி இரவுக் குளிரில் கெட்டிப்பட்டுக் கண்ணாடியாக இருக்கும், விளிம்பு பிடிக்காது. மத்தியானத்துக்கு மேல் வெயிலில் இளகிக் கால் புதையும். நடுவில் இருக்கும் சில மணி நேரம்தான் புதியவர்களுக்கு உகந்தது என்று அந்த இளைஞர் கவனமாகப் பார்த்து வகுப்பு வைத்தார். நாலைந்து தடவை விழுந்து எழுந்த பிறகு ஒரு தடவை, சரிவின் பாதியில், யாரும் பிடிக்காமல், அவள் நினைத்த இடத்தில் நின்றாள். சறுக்கியதைவிட அந்த நிறுத்தம்தான் அவள் முகத்தை மாற்றியது. தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்று ஒரு குழந்தை கண்டுகொள்கிற நேரம் அது. எந்தப் பள்ளிக்கூட மதிப்பெண்ணிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

டீக்கடை ஓரத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மங்கி குல்லாவும் சால்வையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் விழுந்தால் எழுந்து நிற்பார். அவள் எழுந்தால் உட்காருவார். பகல் முழுக்க இதுவே வேலை. கடைக்காரம்மா மண்டுவா ரொட்டி சுட்டுக் கொடுத்தார். மண்டுவா என்பது நம் கேழ்வரகுதான். அப்பா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் பாட்டி செய்யும் அடையைப் பற்றி அந்தம்மாவுக்குக் கையாலேயே விளக்கினார். கணவர் சேர் லிஃப்டில் மேலே போய் வந்து தானும் ஒரு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் நாங்கள் நால்வரும் பேசியது ஒரே பகலைப் பற்றி. எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தோம். வேலூர்க்காரர் சொன்னதன் முழு அர்த்தம் அங்கே புரிந்தது.

குல்மார்க் ஓடிப்போகவில்லை. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போன ஒரே வீரர் ஆரிஃப் கான். குல்மார்க் பனியில் சறுக்கி வளர்ந்தவர். அந்த மாதக் கடைசியில் நாங்களும் அங்கே போனோம். மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் வயதை நெருங்கியிருந்தாள். நன்றாகவே சறுக்கக் கற்றிருந்தாள். கோங்தூரியிலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே புல்வெளி வரை இறங்கும் பாதை அவளுக்கு இப்போது ஏற்றதாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் ஏறி மேலே நின்று பார்த்தோம். பனிச்சரிவுக் காவலர்கள் திறந்துவிட்ட பகுதிகளில் தேர்ந்தவர்கள் இறங்கிப் போனார்கள். அவள் அந்தச் சரிவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எனக்கு இன்னும் இல்லை" என்று கண்டோலாவிலேயே திரும்பினாள். மலையை மதிக்கும் அந்தப் புத்தியை ஔலியில் அந்தக் கிராமத்து வாத்தியார் கொடுத்தார். அப்பா கீழ் நிலையத்தில் கஹ்வா குடித்துக்கொண்டு, அவள் மரங்களுக்குள்ளிருந்து எப்போது வெளியே வருவாள் என்று காத்திருந்தார். குல்மார்க் மகத்தான இடம். ஆனால் அதை முதலில் எடுத்திருந்தால் அதன் மகத்துவம் எங்களில் ஒருவருக்கும் கைக்கு எட்டியிருக்காது.

அதற்குப் பிறகு இரண்டு ஊர்களுக்கும் சோதனை வந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. ரோப்வே நின்றது. அந்த ஊர் பழைய நிலச்சரிவின் மண்ணும் கல்லும் குவிந்த இடத்தின் மேல் நிற்கிறது என்றும், கனமான கட்டுமானங்கள் கூடாது, பாறைகளைப் பெயர்க்கக் கூடாது என்றும் மிஸ்ரா குழு 1976இலேயே எச்சரித்திருந்தது. அது யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த ஜனவரியில், சில்லை கலான் பாதி கடந்தும், குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025இல் பனி போதாமல் குல்மார்க்கின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எங்கள் வீட்டு விவாதத்தில் பனி நிச்சயம் என்று ஒரு பக்கம் வைத்த வாதம், சில வருஷத்துக்குள்ளேயே ஆட்டம் கண்டுவிட்டது.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு எந்தப் பனிமலைக்குப் போகலாம் என்று இப்போதும் என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. வேலூர்க்காரரின் கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்கிறேன்: யார் யார் போகிறீர்கள்? கூட வருகிறவர்களில் மிகவும் முடியாதவருக்கும் மிகவும் புதியவருக்கும் எந்த இடம் பொருந்துமோ அதுதான் உங்களுக்கு ஏற்ற இடம். ஆனால் இப்போது இரண்டாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த ஊர் இந்த வருஷம் எப்படி இருக்கிறது? பனி விழுந்ததா, சாலை திறந்திருக்கிறதா, நிலம் நிற்கிறதா என்று ஊர்க்காரரிடமே கேளுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவரை வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். மலையைக் குடைந்து புதிதாக எழுப்பியதில் தங்காமல், சின்ன விடுதியில் தங்குங்கள். நாம் எடுக்கும் ஒரு வார லீவுக்குப் பின்னால், வருஷம் முழுக்க அந்தச் சரிவை நம்பி வாழும் ஒரு ஊர் இருக்கிறது. என் மகளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்த ஊர் அது. அது நிற்பதற்கு வேண்டியதை அரசாங்கம் செய்ய வேண்டும். போகிறவர்களான நாமும் நம் பங்குக்குச் செய்ய வேண்டும்.